பரண்மேல் ஏறும் பலகை

கேரம் ஆடிச் சோறு உண்ண முடியுமா? கம்பம் பள்ளத்தாக்கின் இல்லங்களில் இவ்வினாவை எழுப்புவோர் விடையை எதிர்பார்ப்பதில்லை. பிள்ளை பத்தாம் வகுப்பை எட்டியதும் பலகை பரண்மேல் ஏறிவிடுகிறது. பெண்பிள்ளையாயின் அதற்கு முன்பே ஏறிவிடுகிறது. இதனை விவேகம் என்றழைக்கும் வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை.

சுருளிப்பட்டியையே எடுத்துக்கொள்வோம். சுருளி அருவிக்குச் செல்லும் வழியெங்கும் திராட்சைப் பந்தல்கள். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, கொடி படர்ந்து காய்க்கும்வரை கடனுக்கு வட்டி கட்டிக் காத்திருப்பவர் அவ்வூர் உழவர். கவாத்து, மருந்து, கூலி என யாவும் முன்செலவு. பழம் கனியும் தறுவாயில் பெய்யும் ஒரு மழை குலைகளை வெடிக்கச் செய்துவிடும். மழைக்குத் தப்பினால் விலையை வியாபாரி தீர்மானிப்பார். ஆயினும் நிலையற்ற தொழில் என்று சொல்லி எவரும் பந்தலைப் பிரித்துவிடுவதில்லை. (பன்னீர்த் திராட்சையைத் தமிழகத்துக்கு 1832-இல் கொணர்ந்தவர் ஒரு பிரெஞ்சுக் குருவானவர் என்பர். கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023-இல்! அங்கீகாரத்துக்காகக் காத்திருக்க இம்மண்ணுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை.) இத்துணைத் துணிவுள்ள தந்தை, மகள் கேரத்தில் மாவட்ட அளவில் வென்று வந்தால் மட்டும், "இதில் நிலையான வருமானம் உண்டா?" என்கிறார். அவ்வாறு கேட்கும் தகுதி வேறு எவருக்கேனும் இருக்கலாம். திராட்சை பயிரிடுவோருக்கு இல்லை.

உண்மையை மறைத்தலும் ஆகாது. கேரம் ஒலிம்பிக்கில் இல்லை. ஆசிய விளையாட்டுப் போட்டிகளிலும் இல்லை. அதன் பன்னாட்டுச் சம்மேளனம் 1988-இல் நம் சென்னையிலேயே தோன்றியது என்பதைத் தமிழருள் பலரே அறியார். சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலக வாகையர் பட்டம் வென்றார். தேசியப் பட்டத்தை ஒன்பது முறை வென்றவர் அவர். 1996-இல் அர்ஜுனா விருது பெற்றார். நம் பிள்ளைகளுக்கு நாம் சூட்டும் பெயரையே தாங்கிய இம்மனிதரை, நம் மறைக்கல்வி வகுப்புகளில் அமர்ந்திருக்கும் சிறுவருள் எத்தனை பேர் அறிவர்? கிரிக்கெட் அணியின் பன்னிரண்டாம் ஆட்டக்காரரை அவர்கள் அறிவார்கள்.

வியாசர்பாடியின் இளவழகி, மீன் வண்டி ஓட்டிய தந்தையின் மகள். 2008-இல் பிரான்சின் கான் நகரில் உலக வாகையரானார். ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா, 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் தனிநபர், இரட்டையர், குழு என மூன்று தங்கம் வென்றார். தமிழக அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் ஊக்கத்தொகை வழங்கியது. மகிழ்ச்சியே. ஆனால் அதன்பின் எழுந்த பேச்சு நம்மை உறுத்துகிறது. கேரத்திலும் கோடி கிடைக்கிறதாம் என்று வியந்தவர்களும், சோறு கிடைக்குமா என்று முன்னர் ஏளனம் செய்தவர்களும் ஒருவரே. கோடிதான் அளவுகோல் எனில், மாநிலப் போட்டியில் நான்காமிடம் பெற்ற பெண் தன் ஆண்டுகளை வீணடித்தவளா? மரிய இருதயம் பலகையின் முன் அமர்ந்தபோது கோடி ரூபாய் அவர் கனவிலேனும் வந்திருக்குமா?

ஆயிரத்தில் ஒருவரே வெல்வர். மற்றவர் கதி என்ன என்போர் உளர். நியாயமான கேள்வி. ஆனால் மருத்துவ நுழைவுத்தேர்வுக்கும் குடிமைப்பணித் தேர்வுக்கும் நிலத்தை அடகு வைத்துப் பிள்ளைகளை அனுப்பும்போது இக்கேள்வி ஏன் எழவில்லை? அங்கும் வெல்வோர் சிலரே. படிப்பைக் கைவிட்டு ஆடச் சொல்கிறோம் என்று எவரும் திரிக்க வேண்டா. படிப்போடு ஆட்டமும் தொடரட்டும் என்கிறோம். மத்திய அரசுப் பணிகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் கேரமும் உண்டு. ரிசர்வ் வங்கியும் எண்ணெய் நிறுவனங்களும் தேசியப் போட்டிகளுக்குத் தத்தம் அணியினரை அனுப்பிவந்துள்ளன. பெரிய வாசல் அன்று. வாசலே இல்லை என்பது பொய்.

எனினும் வேலை கிடைப்பதால்தான் ஆட்டத்துக்கு மதிப்பு என்று வாதிட நமக்கு விருப்பமில்லை. நாள்தோறும் நான்கு மணி நேரம் ஒரே கோணத்தை நூறு முறை அடித்துப் பழகும் பெண்ணிடம் ஓர் ஒழுங்கு உருவாகிறது. தோற்றபின் எதிராளியின் கைபற்றி எழும் பக்குவம் உருவாகிறது. இவற்றுக்குச் சம்பளப் பட்டியலில் இடமில்லை. அவளைப் பெற்றவருக்கு இது தெரியாததும் இல்லை. அவர் அஞ்சுவது வேறு: செலவு முழுவதும் தம் ஒருவர் தலையில் விழும் என்பதே. அவ்வச்சத்தை நாம் குறை சொல்லோம். குறை அவரைத் தனியே விட்ட நம்முடையது. காசிமாவின் அமெரிக்கப் பயணத்துக்கே அரசின் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை கைகொடுக்க வேண்டியிருந்தது.

பங்கு மன்றங்களில் பலகை இல்லாமல் இல்லை. மாலையில் அதைச் சுற்றி நிற்போர் இளைஞர்களே. பெண்பிள்ளைகள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துச் செல்கின்றனர். திருவிழாவின்போது ஒரு போட்டி, வென்றவருக்கு ஓர் எவர்சில்வர் குடம், ஒரு புகைப்படம். அடுத்த திருவிழா வரை மன்றம் பூட்டிக் கிடக்கும். வாரத்தில் மூன்று மாலைகள் பெண்களுக்கென ஒதுக்கினால் எவர் தடுப்பார்? சுருளிப்பட்டியிலிருந்து மாநிலப் போட்டிக்குச் சென்னை செல்லும் பெண்ணுக்கும் உடன் செல்லும் தாய்க்கும் பேருந்துக் கட்டணம் யார் தருவது? திருவிழாக் கணக்கு வாசிக்கப்படும் ஞாயிறன்று எழுந்து நின்று இதைக் கேட்போம். வாணவேடிக்கைக்கு எழுதிய தொகையும் அதே தாளில்தான் இருக்கும்.