ரூட் பாஸ்வேர்டும் தொண்ணூறு நாள் கூத்தும்

ஆமாங்க, மறந்தது நான்தான். அதை முதல்லயே ஒத்துக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆணியெல்லாம் புடுங்கி முடிச்சு கிளம்புற நேரம். "90 நாள் ஆச்சு, மாத்துடா"ன்னு லினக்ஸ் பொட்டி மிரட்டுது. பழசு எதுவும் கூடாதாம், பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், நடுவுல ஒரு குறி வேணுமாம். எதையோ அடிச்சேன். திங்கக்கிழமை சுத்தமா ஞாபகம் இல்லை. எல்லாரும் ரூட்டுலயே நுழையுற பொட்டி அது. ஆளுக்கொரு கணக்கும் சூடோவும் குடுங்கன்னு ஒரு வருஷமா கத்துறேன், யார் கேட்டா?

மீட்டது எப்படின்னு கேளுங்க. செக்யூரிட்டி அண்ணன்கிட்ட நோட்டுல கையெழுத்து போட்டு சர்வர் ரூம் சாவி வாங்கினேன். பொட்டியை ரீஸ்டார்ட் பண்ணி, கிரப் மெனுவுல 'இ' தட்டி, கெர்னல் வரியோட கடைசியில நேரா பாஷ் ஷெல்லைத் திறக்கச் சொன்னேன். பாஸ்வேர்டே கேட்காம ரூட்டா உள்ள விட்டுச்சு. டிஸ்க்கை எழுதுற மாதிரி மறுபடி மவுண்ட் பண்ணி, புது பாஸ்வேர்ட் வெச்சாச்சு. எஸ்ஈலினக்ஸ் இருக்கிற பொட்டின்னா லேபிளைத் திரும்பப் போடச் சொல்ல மறந்துடாதீங்க. புது பாஸ்வேர்ட் சரியா இருந்தும் உள்ள விடாம படுத்தும். (அனுபவம்!) மொத்தம் பத்து நிமிஷம்.

அப்போ அந்தப் பொட்டியைக் காப்பாத்தினது எது? 90 நாள் விதியா, அண்ணனோட சாவிக்கொத்தா? கிரப்புக்கு பாஸ்வேர்ட் கிடையாது, டிஸ்க்கை என்க்ரிப்ட் பண்ணலை. பண்ணியிருந்து அந்தச் சாவிச்சொல்லையும் தொலைச்சிருந்தா நான் இன்னிக்கு அழுதுட்டு இருப்பேன், அது வேற. ஆனா அதையெல்லாம் விட்டுட்டு, மனுஷன் மண்டையை மட்டும் மூணு மாசத்துக்கு ஒருக்கா கசக்குறாங்க.

கசக்கினா என்ன ஆகும்? கடைசியில இருக்கிற 1 அடுத்த தடவை 2 ஆகும். வட கரோலினா பல்கலைக்கழகத்துல 2010ல ஆராய்ஞ்சாங்க. பழைய பாஸ்வேர்ட் தெரிஞ்சா, 17 சதவீதக் கணக்குகள்ல புதுசை அஞ்சு முயற்சிக்குள்ளயே ஊகிச்சுட்டாங்க. அமெரிக்காவோட நிஸ்ட் 2017லயே கட்டாய மாற்றம் வேண்டாம்னு சொல்லி, 2025ல கூடவே கூடாதுன்னு எழுதிடுச்சு. திருடு போன தடயம் இருந்தா மட்டும் மாத்தச் சொல்லுது. மைக்ரோசாப்ட் 2019லயே விண்டோஸுக்கான தன் பாதுகாப்புப் பரிந்துரையில இருந்து இதைத் தூக்கிடுச்சு. நம்ம ஆளுங்களுக்கு மட்டும் இன்னும் தகவல் வரலை போல :-)

செவ்வாய்க்கிழமை மீட்டிங். அரை நாள் வேலை நின்னதுக்கு நான் 'பொறுப்பில்லாத பையன்'. என் பக்கத்து சீட்டுக்காரர் பாஸ்வேர்டை மானிட்டருக்குக் கீழ மஞ்சள் சீட்டுல ஒட்டி வெச்சிருக்கார், அவர் மறந்ததே இல்லை, அதனால அவர் பொறுப்பானவர்.

டேமேஜர் எடுத்த முடிவு: இனிமே 90 இல்லை, 45 நாள். நிஸ்ட் பக்கத்தோட சுட்டியை அன்னிக்கே அவருக்கு மெயில் பண்ணிட்டேன். பதில் இன்னும் வரலை.