ஷூ தைத்தவன் வாசலில், தாளம் மட்டும் உள்ளே

"களத்துல நிக்கிறவங்க பப்புல போய் ஆடலாமா தோழர்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். போன வாரம் நான் வைத்த ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு வந்த கேள்வி. ஆறு வினாடி வீடியோ, அதில் நான் சட்டை நனைய ஆடிக்கொண்டிருக்கிறேன். மூன்று நாளாக இந்தக் கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆடலாம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அந்த இரவில் நடந்ததைச் சொல்லாமல் முடித்தால் அது பாதி பதில்தான்.

மாமா மகனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்த சந்தோஷம். ஆம்பூரிலிருந்து நாங்கள் மூன்று பேர் சாயங்கால ரயிலைப் பிடித்துப் போனோம், அவனோடு சேர்த்து நாலு பேர். கிளப் வாசலில் இருந்த பவுன்சர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். இரண்டு பேர் காலில் செருப்பு. "செருப்புக்கு அனுமதியில்லை, ஷூ போட்டுட்டு வாங்க."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் நாலு பேரில் மூன்று பேருடைய அம்மாக்கள் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். காலையில் கம்பெனி வேன் வந்து தெருமுனையில் ஹாரன் அடிப்பதைக் கேட்டு எழுந்த பிள்ளைகள் நாங்கள். என் அத்தை இருபது வருடத்துக்கு மேலாக மிஷினில் அப்பர் தைக்கிறார். அவர் கை பட்ட ஷூவைப் போட்டுக்கொண்டு எந்த நாட்டில் யார் யார் ஆடுகிறார்களோ, தெரியாது. அவர் பெற்ற மகனை ஷூ இல்லை என்று ஒருவர் வாசலிலேயே நிறுத்துகிறார். பவுன்சர் மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் எங்களை மாதிரி ஏதோ ஒரு ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்தான். அந்த விதியை எழுதியவன் ஏசி அறையில் இருக்கிறான்.

மாமா மகனின் அறை பக்கத்தில்தான். ஓடிப்போய் அவன் அறைத்தோழனின் ஷூக்களை வாங்கி வந்தோம். எனக்குக் கிடைத்தது இரண்டு சைஸ் பெரிது. முன்னால் பேப்பரைத் திணித்துக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே போன பிறகு, உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பேஸ் சத்தம் நெஞ்செலும்பில் வந்து இடிக்கிறது. இருட்டில் யாருக்கு யார் என்ன சாதி என்று தெரியாது, கேட்கவும் நேரமில்லை. ஊர்த்தெரு வழியாகப் பாட்டு போட்டுக்கொண்டு போனதற்காக நம் பிள்ளைகள் அடி வாங்கிய கதை எத்தனை கேட்டிருக்கிறோம்? அண்ணல் பிறந்தநாள் ஊர்வலத்தில் எந்தப் பாட்டு போடலாம், எந்தத் தெருவில் சத்தத்தை நிறுத்த வேண்டும் என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிற நமக்கு, யாரும் நிறுத்தச் சொல்லாத நாலு மணி நேரம் என்பது சின்ன விஷயமில்லை.

பதினொன்றரை மணி இருக்கும். டிஜே 'என்ஜாய் எஞ்சாமி' ரீமிக்ஸைப் போட்டார். அரங்கமே எழும்பிக் குதித்தது. நாங்கள் நாலு பேரும் கத்திய கத்தில் அடுத்த நாள் தொண்டை கட்டிவிட்டது. பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒரு தம்பி, நல்ல பையன், தமிழ்ப் பையன், என் காதருகே வந்து கத்தினான்: "செம்ம பாட்டு ப்ரோ! ஃபிரெஞ்சு டிஜே போட்டது!"

அந்தத் தம்பிக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அப்படிப் போய்ச் சேரும்படி செய்தவர்களைச் சொல்வேன்.

அந்தப் பாட்டை எழுதிப் பாடியவர் அறிவு. அரக்கோணத்துக்காரர். ஆம்பூரில் சென்னை ரயில் ஏறினால் காட்பாடி தாண்டி வருகிற அதே அரக்கோணம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு, இங்கே திரும்பி வந்து கூலி வேலை பார்த்த அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து வந்த பாட்டு அது. 2021 மார்ச்சில் தீ, அறிவு இருவரும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் மாஜா என்ற நிறுவனம் வெளியிட்டது. அதே ஆண்டில் டிஜே ஸ்நேக் ரீமிக்ஸ் வந்தது. நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் விளம்பரப் பலகை வைத்தார்கள். அதில் அறிவு இல்லை. ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் வந்தார்கள். ஒருவருக்கு 'என்ஜாய் எஞ்சாமி', இன்னொருவருக்கு 'நீயே ஒளி'. இரண்டுக்கும் பாட்டு எழுதிய அறிவு அட்டையில் இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார். ஊரே கேட்டது. அதன் பிறகுதான் அறிவுக்கென்று தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. கேட்காமல் கிடைத்ததா? இல்லை.

2022 ஜூலை 28, சென்னை நேரு உள்விளையாட்டரங்கம், செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பிரதமரும் முதல்வரும் உட்கார்ந்திருக்க அந்தப் பாட்டு மேடை ஏறுகிறது. குரல் ஒலிக்கிறது, ஆள் இல்லை. அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார், அதனால் பதிவு செய்த குரலைப் பயன்படுத்தினோம் என்று சந்தோஷ் நாராயணன் விளக்கினார். இருக்கட்டும். 2024-இல் அவரே, இந்தப் பாட்டிலிருந்து எங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று வீடியோ போட்டார். ஆகவே இதை ஒரு தனிமனிதர்மேல் பழிபோட்டு முடித்துவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒருமுறை விடுபட்டால் தவறுதல். பலகையில், அட்டையில், மேடையில் என்று ஒவ்வொரு முறையும் அதே ஆள் விடுபட்டால் அதற்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொன்னால் 'எல்லாவற்றிலும் சாதி பார்க்காதீங்க' என்று நமக்கே பாடம் நடத்துவார்கள்.

"பப்பு, டிஜே எல்லாம் மேட்டுக்குடி கலாச்சாரம்" என்கிற தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அது யாருடைய கலாச்சாரம் என்று கொஞ்சம் படித்துப் பாருங்கள். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க் பிராங்க்ஸ். ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பையன் கூல் ஹெர்க், பள்ளி திறக்கும் நேரத்தில் தன் தங்கை சிண்டி நடத்திய விருந்தில், அடுக்குமாடிக் குடியிருப்பின் பொழுதுபோக்கு அறையில் இரண்டு டர்ன்டேபிளை வைத்துக்கொண்டு பாட்டு போட்டார். ஹிப்ஹாப் பிறந்த இடம் என்று அந்த அறையைத்தான் சொல்கிறார்கள். இன்று கிளப்பில் கேட்கிற ஹவுஸ் இசைக்குப் பெயர் வந்தது சிகாகோவின் வேர்ஹவுஸ் என்ற கிளப்பிலிருந்து. அங்கே டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ். ஆட வந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் தன்பாலீர்ப்பாளர்கள், மற்ற இடங்களில் கதவு சாத்தப்பட்டவர்கள். 1979 ஜூலை 12 அன்று அதே சிகாகோவில் காமிஸ்கி பார்க் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். அன்று அங்கே இருக்கை காட்டும் வேலையில் இருந்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பினப் பையன், கூட்டம் கொண்டுவந்த தட்டுகளில் டிஸ்கோவே இல்லாத கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளும் கிடந்ததைப் பார்த்ததாகப் பின்னாளில் சொன்னார். அந்தப் பையன்தான் பிறகு முதல் ஹவுஸ் பாடல்களில் ஒன்றை எழுதியவர்களில் ஒருவர்.

நமக்குப் புரியாத கதையா இது? மிருதங்கத்துக்குத் தோல் தேடி, பதம் பார்த்து, வார் இழுத்துக் கட்டிய தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' எழுதினார். 2020-இல் அதன் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. மாட்டுத்தோலில் எழும் நாதம் சபாவுக்குள் போகலாம், அந்தத் தோலைப் பற்றிய பேச்சு போகக் கூடாது. தோலைப் பற்றி ஆம்பூர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2022 மே மாதம் நம் ஊரிலேயே அரசு பிரியாணித் திருவிழா அறிவித்து, அதில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்களே! எதிர்ப்பு கிளம்பியதும் மழை வரும் என்று திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். மாட்டின் தோலில் ஊருக்கே வருமானம், மாட்டின் கறிக்குக் கடை போட அனுமதியில்லை.

பறை விஷயத்திலும் நமக்குள் சண்டை உண்டு. சாவு வீட்டில் அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்த நம் தாத்தாக்கள் செய்தது சுயமரியாதை. அதே பறையை மேடையில் எடுத்து அடிக்கிற தங்கைகள் செய்வதும் சுயமரியாதை. யார் கூப்பிட்டு, எதற்காக, என்ன மரியாதையோடு அடிக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல்முறை மேடை ஏறியபோது கானாவும் ராப்பும் ராக்கும் ஒன்றாக நின்றன. மாட்டுக்கறியையும் இடஒதுக்கீட்டையும் பாட்டாக்கி ஆட முடியும் என்று காட்டினார்கள். ஆடிக்கொண்டே அரசியல் பேசினால் அரசியல் நீர்த்துப்போகும் என்று அப்போதும் சிலர் சொன்னார்கள். நீர்த்துப்போனதாக எனக்குத் தெரியவில்லை. என் தெருவில் அண்ணலைப் படிக்காத பையன்கள்கூட அந்தப் பாட்டுகள் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள்.

அதனால் அந்தத் தம்பியின் காதில் நானும் திருப்பிக் கத்தினேன். "பாட்டு அறிவுது! அரக்கோணம்!" அவனுக்குப் பாதிதான் கேட்டது. போனை நீட்டினான், டைப் செய்து காட்டினேன். "ஓ, நம்மாளா!" என்றான். 'நம்மாள்' என்று எந்த அர்த்தத்தில் சொன்னான் என்று யோசிக்க நேரமில்லை, அடுத்த பாட்டு வந்துவிட்டது. வெளியே வரும்போது டிஜேவிடமும் போய்ச் சொன்னேன், அடுத்த முறை மைக்கில் பெயரைச் சொல்லுங்கள் என்று. தலையாட்டினார். சொல்வாரா என்று அடுத்த முறை போனால்தான் தெரியும்.

காலை ரயிலில் ஊர் வந்து சேர்ந்தேன். ஷூவைத் திருப்பிக் கொடுக்க மறந்து அதிலேயே வந்துவிட்டேன். வேனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அத்தை என் காலைப் பார்த்தார். "இன்னாடா கண்ணு, யாரு ஷூ?" குனிந்து ஒரு காலைத் திருப்பி, தையலை விரலால் தடவினார். "நூலு சரியில்ல. ஆறு மாசம் தாங்காது." அவ்வளவுதான், வேன் ஹாரன் அடித்தது.

கல்லூரி விழாவுக்கு டிஜே வைக்கப் போகும் தம்பி தங்கைகளே, பாட்டுப் பட்டியலை நீங்களே கொடுங்கள். எழுதியவர் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். மைக்கில் சொல்லச் சொல்லுங்கள். செருப்போடு வருகிறவனை வாசலில் நிறுத்தாதீர்கள்.

கேள்வி கேட்ட தோழருக்கு: அடுத்த மாதம் மறுபடி போகிறோம், நீங்களும் வாருங்கள். ஷூ இல்லையென்றால் சைஸ் மட்டும் சொல்லுங்கள். எங்கள் ஊரில் எல்லா சைஸும் கிடைக்கும்.

ஜெய்பீம்.