555 புத்தகமும் பால் டின்னும்

தோட்ட வரலாறு என்றாலே துரை பங்களா, ரப்பர் விலை, வேலைநிறுத்தம் என்றுதான் பேச்சு போகும். லயத்து அடுப்படியில் கிடந்த பால் டின்னைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. கோல சிலாங்கூர், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்துத் தோட்டங்களில் நம் சனம் எப்படிப் பிழைத்தது என்று தெரிய வேண்டுமானால் அந்த டின்னிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

நெஸ்லே 1912இல் பினாங்கில் கடை விரித்தது. 1962இல் பெட்டாலிங் ஜெயாவில் அதன் ஆலையே வந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் இனிப்பு டின் பால் தோட்டத்து மளிகைக் கடைகளில் அரிசிக்கும் கருவாட்டுக்கும் பக்கத்தில் நிரந்தர இடம் பிடித்துக்கொண்டது. காரணம் ருசி மட்டுமல்ல. விடியுமுன் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு நிற்க வேண்டிய தாய், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ரப்பர் மரம் வெட்டப் போனாள். மரத்துப் பாலை எடுக்கப் போனவளின் பிள்ளைக்குப் பல வீடுகளில் டின் பால்தான் கிடைத்தது. 1939இல் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் ஓர் உரை நிகழ்த்தினார். தலைப்பு: ‘பாலும் கொலையும்’. குழந்தைகளுக்கு இந்த இனிப்புப் பாலைக் கொடுக்கச் சொல்லிப் பரப்புவதால் நேரும் சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என்று அந்த மேடையிலேயே சொன்னார். மலிவுச் சரக்குக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதை அவ்வளவு காலத்துக்கு முன்பே ஒரு மருத்துவர் சொல்லிவிட்டார்.

டின்னைத் திறப்பதற்கும் ஒரு பக்குவம் உண்டு. மூடியில் ஆணியால் எதிரெதிரே இரண்டு துளை. ஒன்றில் பால் வழியும், மற்றதில் காற்று நுழையும். எறும்பு ஏறாமலிருக்கத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே நிறுத்தி வைப்பார்கள். தீர்ந்த பிறகும் வெந்நீர் விட்டு அலசி, ஒட்டியிருந்த கடைசிச் சொட்டைக் காப்பியில் சேர்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் டின்னுக்கு உண்மையான வேலையே. மேல்மூடியை வெட்டி விளிம்பைத் தட்டினால் அரிசி அளக்கும் படி. திரி போட்டால் மண்ணெண்ணெய் விளக்கு. காப்பிக் கடைக்காரர் கயிறு கோத்துக் கொடுத்தால் வீட்டுக்கு எடுத்துப்போகும் தாப்பாவ் காப்பி. பிள்ளைகளுக்கு அதுவே கார். சக்கரங்களோ, தேய்ந்துபோன ஜப்பான் சிலிப்பரிலிருந்து வட்டமாக வெட்டிய ரப்பர்.

அந்தச் சிலிப்பரும் சாமானியப்பட்டதல்ல. வார் பிய்ந்தால் அடியில் ஊக்கைக் குத்தி இன்னும் சில மாதம் ஓட்டுவார்கள். தோட்டத்திலிருந்து ஷீட்டாகக் கப்பலேறிய ரப்பர், உருமாறிக் கடைக்கு வந்தபோது, மரம் வெட்டியவர் அதைக் கடனுக்கு வாங்கினார்.

அந்தக் கடன் ஏறிய இடம்தான் 555 புத்தகம். சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு. அரிசி, மண்ணெண்ணெய், பால் டின், தீப்பெட்டி, பீடி என்று வரிவரியாக எழுதி, சம்பள நாளில் கூட்டிப் பார்த்து, பாதியைக் கட்டி, மீதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவார்கள். நோட்டு தீர்ந்ததும் அடுப்புக்குப் போகும். ஒரு குடும்பம் எந்த மாதம் என்ன தின்றது, எந்த மாதம் பால் டின்னைக் குறைத்துக்கொண்டது, எந்தத் தீபாவளிக்கு எவ்வளவு கடன்பட்டது என்பதற்கு அதைவிட நேர்மையான ஆவணம் எனக்குத் தெரிந்து இல்லை.

நம்மவர்கள் எதையும் எறியாமல் வாழ்ந்தார்கள் என்று இப்போது பெருமையாகப் பேசுகிறோம். சம்பளம் போதவில்லை, அதனால் எறியவில்லை. அதோடு லயத்துக்குப் பின்னால் கொல்லை இருந்தது, மாட்டுக் கொட்டகை இருந்தது. டின்னுக்கும் சாக்குக்கும் அங்கே வேலை இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, சனம் மலிவு விலை அடுக்குமாடிகளில் ஏறியபோது கொல்லை போய்விட்டது. காலி டின்னை வைக்க இடமில்லாத வீட்டில் எறிவதைத் தவிர வேறென்ன வழி?

இதே வட்டாரம் எறிவதற்கென்றே செய்யும் ஒரு பொருளுக்கும், கையுறைக்கும், பேர் பெற்றது. 1890 வாக்கில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர், கிருமிநாசினியால் கை புண்ணான ஒரு தாதிக்காக ரப்பர் கையுறை செய்யச் சொன்னார். அதைக் கழுவிக் கழுவிப் போட்டார்கள். 1980களில் எய்ட்ஸ் பயம் பரவியதும், நோயாளிக்கு நோயாளி கையுறை மாற்றும் வழக்கம் உலகெங்கும் வேரூன்றியது. 1988இல் தொடங்கிய ஹார்த்தலேகா, பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்ட பத்தாங் பெர்ஜுந்தையில் ஆலை அமைத்துக் கையுறை செய்தது. சில நிமிடம் மாட்டிக் கழற்றி எறியும் பொருள். அதிலும் இன்று பெருவாரியானவை நைட்ரைல், பெட்ரோலியத்திலிருந்து வருவது. மரத்துப் பால் ஒரு சொட்டும் கிடையாது. 2023இல் பெஸ்தாரி ஜெயா ஆலைகளை மூடப்போவதாக நிறுவனம் அறிவித்தது.

எறிந்ததெல்லாம் எங்கே போகிறது என்று தேடினால் அதுவும் நம் பக்கம்தான். புக்கிட் தாகாரில் 2005 முதலும், ஜெராமில் 2007 முதலும் குப்பை நிரப்பு நிலங்கள் இயங்குகின்றன. கோலாலம்பூர்க் குப்பை புக்கிட் தாகாருக்கு லாரி லாரியாக வந்து சேர்கிறது. புக்கிட் தாகார், மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்து மக்கள் சொந்த வீடு கேட்டுப் பல்லாண்டு போராடினார்கள். தலைநகரின் குப்பைக்கு இடம் சீக்கிரம் கிடைத்தது. மரம் வெட்டியவர்களுக்கு அப்படிக் கிடைக்கவில்லை. இதைச் சொல்லாமல் மலிவுப் பொருளின் வரலாற்றை எழுத முடியாது.

உங்கள் வீட்டில் பழைய 555 புத்தகமோ, சம்பளச் சீட்டோ, மரத்துப் பால் பிடித்த மங்கோ இருந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் கையில் இருந்தது என்று ஒரு தாளில் எழுதி அதனோடு வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். தமிழ்ப்பள்ளி நூலகத்திலோ கோயில் மண்டபத்திலோ ஒரு கண்ணாடி அலமாரி ஒதுக்கினால் போதும், இந்த வேலையை இந்த ஆண்டே தொடங்கிவிடலாம்.