கோப்பில் உள்ள உண்மை நாடாளுமன்றம் போகட்டும்

நாங்கள் வேலை செய்யும் பகுதியில் ஒரு காலனி. அங்கே சுடுகாட்டுக்குப் பாதை இல்லை. யாராவது இறந்தால் வயல் வரப்பில்தான் பாடையைத் தூக்கிப் போக வேண்டும். நடவு நட்டிருந்தால் அதற்கும் தகராறு. இதுபற்றி மாவட்டக் குழுவில் நான்கு முறை பேசப்பட்டது. அந்த நான்கு கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வாங்கிப் படித்தோம். நான்கிலும் ஒரே வரிதான்: "நடவடிக்கையில் உள்ளது."

உண்மை என்ன? பாதை போக வேண்டிய இடத்தில் கொஞ்ச தூரம் ஒருவருடைய பட்டா நிலம். அவர் கொடுக்க மறுக்கிறார். இது கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரியும், வட்டாட்சியருக்கும் தெரியும். ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுப்பதற்கென்றே 1978-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்திருக்கிறது. "பட்டா நிலம் குறுக்கே வருகிறது, நிலம் எடுக்க முன்மொழிவு தேவை" என்று ஒரு வரி எழுதியிருந்தால், கூட்டத்தில் இருந்த நாடாளுமன்ற உறுப்பினர் அதைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்க முடியும். யாரும் எழுதவில்லை. அவரும் "சீக்கிரம் முடியுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்.

அரசு அலுவலர்களும் எம்.பி.க்களும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்பது நமக்குச் சம்பந்தமில்லாத மேலிடத்து விஷயம் அல்ல. பாடை எந்த வழியாகப் போகும் என்பதே அதில்தான் முடிவாகிறது.

சட்டம் இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய குழுக்கள் இரண்டு. ஒன்று, 2016-இல் அமைக்கப்பட்ட மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழு. 'திஷா' குழு என்பார்கள். எம்.பி. தலைவர், ஆட்சியர் உறுப்பினர் செயலர். வீடு, குடிநீர், ஊரக வேலை என ஒன்றிய அரசின் திட்டங்கள் இங்கே ஆய்வுக்கு வரும். மற்றொன்று, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995-ஆம் ஆண்டு விதிகளில் 17-ஆம் விதி சொல்லும் மாவட்ட விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு. இங்கே ஆட்சியர் தலைவர், எம்.பி.யும் எம்.எல்.ஏ.க்களும் உறுப்பினர்கள். 60 நாளில் குற்றப்பத்திரிகை போனதா, நிவாரணத் தொகை எத்தனை குடும்பங்களுக்குப் பாக்கி என்று கேட்க வேண்டிய இடம் இதுதான்.

ஆனால் மேசைக்கு வரும் தாள் எப்படி இருக்கிறது? மாவட்டம் முழுவதற்கும் ஒரே மொத்தக் கணக்கு. 'இலக்கு இவ்வளவு, சாதனை இவ்வளவு' என்று இரண்டு எண்கள். ஊருக்கு எவ்வளவு, காலனிக்கு எவ்வளவு என்று அதில் தெரியாது. நல்ல அலுவலர் அந்தக் கணக்கை ஊர்வாரியாகப் பிரித்துக் கொடுப்பார். வேலை எங்கே நிற்கிறது, தடையை நீக்கும் அதிகாரம் மாவட்டத்திடமா, சென்னையிடமா, டெல்லியிடமா என்பதையும் சேர்த்து எழுதுவார். டெல்லியில் தீர வேண்டியதை எம்.பி.யிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

கல்வி உதவித்தொகையைப் பாருங்கள். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கான திட்டத்தில் ஒன்றிய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் தருவதென 2020 டிசம்பரில் முடிவானது. ஒன்றிய அரசின் பங்கு நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். ஆதார் இணைப்பில் சிக்கல் என்றால் பணம் நின்றுபோகும். கல்லூரி கட்டணத்துக்கு நெருக்கும். நம் மாவட்டத்தில் எத்தனை பேருக்கு, என்ன காரணத்தால் நின்றது என்ற பட்டியல் நலத்துறை அலுவலரிடம் இருக்கும். அது எம்.பி.யின் கைக்குப் போனால் நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வியாகும். போகாவிட்டால் ஒரு மாணவி படிப்பை நிறுத்துவாள்.

நாடாளுமன்றத்தில் அமைச்சர் படிக்கும் பதிலுக்கும் கீழேயிருந்து போகும் அறிக்கைதான் அடிப்படை. 2021 ஜூலையில் மாநிலங்களவையில் ஒன்றிய அரசு தந்த பதிலை நினைவுபடுத்துவோம். கையால் மலம் அள்ளியதால் முந்தைய ஐந்து ஆண்டுகளில் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்றது அந்தப் பதில். பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்கி மாண்டவர்களின் கணக்கை வேறு தலைப்பில் அதே அரசுதான் தருகிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் தனித்தனியாக வகைப்படுத்தியதன் விளைவு இது. சாவைப் பதிவு செய்கிற அலுவலர் "விஷவாயு தாக்கி விபத்து" என்று மட்டும் எழுதி முடித்துவிட்டால், எந்தக் கணக்கிலும் அந்த உயிர் ஏறாது. உச்ச நீதிமன்றம் 2023-இல் உயர்த்திய 30 லட்சம் ரூபாய் இழப்பீட்டுக்காக அந்தக் குடும்பம் வாசல் வாசலாக ஏற வேண்டும்.

எம்.பி.யின் தொகுதி மேம்பாட்டு நிதியில் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அதில் 15 விழுக்காடு, அதாவது 75 லட்சம், பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கு. வேலையைப் பரிந்துரைப்பவர் எம்.பி.; அனுமதித்து நடத்துவது மாவட்ட நிர்வாகம். எந்தக் காலனிக்கு என்ன தேவை என்ற பட்டியல் அலுவலகத்தில் தயாராக இருந்தால், யார் முதலில் வந்து சிபாரிசு கேட்டார்களோ அவர்களுக்கே எல்லாம் போகாது.

மக்கள் பிரதிநிதியை எழுந்து வரவேற்க வேண்டும் என்று அரசின் நடைமுறை விதி சொல்கிறது. அதைத் தவறாமல் செய்கிறார்கள். எம்.பி.யின் கடிதத்துக்கு 15 நாளில் ஒப்புகை தந்து, அடுத்த 15 நாளில் பதில் தர வேண்டும் என்றும் ஒன்றிய அரசின் அதே நடைமுறை சொல்கிறது. நம் அலுவலகங்களில் இது மட்டும் மறந்துபோகிறது. தன் இடமாறுதலுக்காக அரசியல்வாதியிடம் போகக் கூடாது என்பது நடத்தை விதி. அதற்குப் போகிறவர்கள், ஊர்ப் பிரச்சினையைச் சொல்லப் போவதில்லை. ஆளுங்கட்சி எம்.பி.க்கு ஒரு தகவல், எதிர்க்கட்சி எம்.பி.க்கு ஒரு தகவல் என்பதும் கூடாது. அலுவலர் யாருக்கும் கட்சிக்காரர் அல்ல.

தவறு ஒருபக்கம் மட்டுமில்லை. கூட்டத்துக்கே வராத எம்.பி.க்கு எவ்வளவு நல்ல அறிக்கை கொடுத்தும் பயனில்லை. உண்மையை எழுதிய அலுவலரை எல்லார் முன்னும் திட்டினால், அடுத்த முறை அவரும் "நடவடிக்கையில் உள்ளது" என்றே எழுதுவார்.

நமக்கும் வேலை இருக்கிறது. படிக்கிற பிள்ளைகள் ஒரு மனு எழுதுங்கள். இரண்டு குழுக்களும் கடந்த ஓராண்டில் எந்தத் தேதிகளில் கூடின, நம் ஊர் பற்றி என்ன பதிவானது என்று கேளுங்கள். 10 ரூபாய்தான் கட்டணம். வந்த பதிலின் நகலை எம்.பி. அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நாங்கள் அந்த நான்கு குறிப்புகளையும் அப்படித்தான் கொடுத்திருக்கிறோம், இடையில் இருக்கும் பட்டா நிலத்தின் புல எண்ணோடு. ஐந்தாவது கூட்டத்தின் குறிப்பில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்ப்போம்.