பழைய கேசட்டுக்கும் ஒரு வாசல்

திருவதிகையில் எங்கள் வீட்டுப் பரணில் நாலு சார்ஜர் கிடக்கிறது. ஒன்றுகூட இன்றைய போனில் நுழையாது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எம்எஸ்எக்ஸ் நினைவுக்கு வரும். 1983இல் ஜப்பானில் அறிவித்த வீட்டுக் கணினித் தரம் அது. சோனி செய்தாலும் யமஹா செய்தாலும் கேட்ரிட்ஜ் செருகும் ஸ்லாட்டில் அதே 50 பின்கள்தான். 1985, 1988, 1990 என்று மூன்று முறை புதுப்பித்தும், முதல் தலைமுறை கேட்ரிட்ஜ் விளையாட்டுகளில் பெரும்பாலானவை கடைசி மாடலிலும் ஓடின. அந்தக் கடைசி மாடலான டர்போ ஆரில் புதிய செயலியைப் போட்டவர்கள் பழைய இசட்80 செயலியைத் தூக்கி எறியவில்லை. ஆனால் கேசட் இணைப்பை எடுத்துவிட்டார்கள். டேப்பில் புரோகிராம் எழுதி வைத்திருந்த பையன் என்ன செய்வான்? அது தவறுதான்.

இதே இழப்பு நம் நாட்டிலும் நேர்ந்தது. 1984இல் மத்திய அரசின் கிளாஸ் திட்டம் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகளைத் தந்தது. பின்னால் பிசி வந்தபோது, பிபிசி மைக்ரோவுக்கென எழுதிய பாடங்கள் புதிய கணினியில் அப்படியே ஓடவில்லை. ஆசிரியர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. பள்ளிக்குக் கணினி வாங்குகிறவர்களே, டெண்டரில் ஒரு வரி சேருங்கள்: இன்று எழுதும் பாடம் அடுத்த கணினியிலும் திறக்க வேண்டும்.