செய்யக் கற்பதா? வாங்கிக் கும்பிடுவதா?

ஆயுத பூஜையன்று நமது ஊர்களில் கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரிகடலை படைத்து, கற்பூரம் காட்டுவதை வருஷா வருஷம் பார்த்து வருகிறோம். முன்பு தராசுக்கும் அரிவாளுக்கும் நடந்த சடங்கு இப்போது இதற்கும் நடக்கிறது. இப்படிச் செய்கின்றவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். அந்தப் பெட்டியை வேலை வாங்குகிற மென்பொருளை, அதாவது "இன்னதைச் செய்" என்று இயந்திரத்துக்கு எழுதி வைத்திருக்கும் கட்டளைகளை, எழுதியது சரஸ்வதியா, மனிதனா? மனிதன்தான் என்றால், அந்த வித்தையைக் கற்றுக்கொள்ளாமல் பெட்டியைக் கும்பிடுவதில் என்ன பலன்?

ஏழை நாடுகள் பலவற்றின் நிலைமையும் இந்தப் பூஜையைப் போன்றதேயாகும். செல்வ நாட்டார் செய்ததை விலைக்கு வாங்குவது, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமலே உபயோகிப்பது, பழுது வந்தால் அவர்களையே அழைத்துக் கூலி கொடுப்பது என்பதாகவே காலம் போகின்றது. "ஏழை நாட்டுக்கு வேண்டியது சோறும் மருந்தும்தானே, மென்பொருள் ஆராய்ச்சியும் பயிற்சியும் எதற்கு?" என்று கேட்கும் பெரிய மனிதர்களும் இருக்கிறார்கள். சூத்திரனுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட வாய்க்கும் இந்த வாய்க்கும் என்ன வித்தியாசம் என்பது நமக்கு விளங்கவில்லை. எந்த ஊரில் என்ன நோய், எத்தனை பேருக்கு என்கின்ற கணக்கு இல்லாமல் மருந்தை எங்கே அனுப்புவது? அந்தக் கணக்கை இன்று வைத்திருப்பதே மென்பொருள் அல்லவா?

இதற்குத் தென்னாப்பிரிக்காவைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. அங்கே நிறவெறி ஆட்சியில் வெள்ளையருக்கு ஒன்று, கலப்பினத்தாருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று, கறுப்பருக்கென்று ஒதுக்கி வைத்த பிரதேசங்களுக்குத் தனித்தனியாக என்று மொத்தம் 14 சுகாதார இலாகாக்கள் இருந்தன. நமது நாட்டில் ஜாதிக்கொரு கிணறு, ஜாதிக்கொரு சுடுகாடு என்று வைத்தது போல் அங்கே நோய்க்கணக்கும் நிறத்துக்கு ஒன்றாகக் கிடந்தது. 1994-ல் மண்டேலாவின் சர்க்கார் ஏற்பட்ட பிறகு, கேப்டவுன் நகரத்து மேற்குக் கேப் பல்கலைக்கழகத்தாரும் நார்வே தேசத்து ஆஸ்லோ பல்கலைக்கழகத்தாரும் சுகாதார ஊழியர்களும் கூடி, கணக்கை ஒன்றாக்கும் வேலையைத் தொடங்கினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அவர்கள் பூட்டிய பெட்டி ஒன்றை மேலிருந்து இறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போடும் நர்சையே கேட்டு, அவருக்கு உபயோகப்படும்படி செய்து பார்த்துத் திருத்தினார்கள். இந்தக் கொள்கைக்கு வேர் நார்வேயின் தொழிலாளர் இயக்கத்தில் இருக்கிறது. 1970-களில் கிறிஸ்டன் நிகார்ட் என்னும் அறிஞர் இரும்புத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து, தொழிற்சாலைக்கு வரும் கம்ப்யூட்டரைப் பற்றித் தெரிந்துகொள்ளவும் அபிப்பிராயம் சொல்லவும் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று நிலைநாட்ட வேலை செய்தார்.

அந்த வேலையில் பிறந்த மென்பொருளின் இரண்டாம் பதிப்பான டி.எச்.ஐ.எஸ். 2 என்பது 2006-ல் நமது அண்டை மாநிலமாகிய கேரளத்தில்தான் முதன்முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் கட்டளைகளை யாரும் படிக்கலாம், திருத்தலாம், விலை இல்லை. இன்று எண்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. மொசாம்பிக், டான்சானியா முதலிய நாடுகளின் மாணவர்கள் தங்கள் நாட்டு வேலையையே ஆராய்ச்சியாக வைத்து ஆஸ்லோவில் டாக்டர் பட்டம் பெற்றார்கள்.

இதன் பலன் என்ன? 2020 ஜனவரியில் கொரோனா நோய் பரவ ஆரம்பித்தபோது, இலங்கையில் இந்த வித்தையைக் கற்றிருந்தவர்கள் அதே மென்பொருளைக் கொண்டு, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைக் கண்காணிக்கும் பதிவேட்டைத் தாங்களே செய்தார்கள். அதைப் பின்பற்றிப் பல நாடுகள் செய்துகொண்டன. கடைசியாக நார்வேயின் நகரசபைகளே நோயாளியோடு பழகியவர்களைத் தேட இந்த மென்பொருளை உபயோகித்தன! கற்றுக் கொடுத்தவனே கற்றவனிடம் பாடம் கேட்டான். வாங்கிக் கும்பிட்டிருந்தால் இது நடந்திருக்குமா?

ஆனாலும் ஒரு குறையை நாம் மறைக்கப் போவதில்லை. இதன் மூலக் கட்டளைகளை எழுதி வரும் தலைமையிடம் இன்னும் ஆஸ்லோதான். பணமும் பெரும்பாலும் நார்வே சர்க்காரும் வெளிநாட்டு ஸ்தாபனங்களும் கொடுப்பதே. கொடுக்கிறவன் கையை மடக்கினால் என்ன ஆகும்? பிச்சைச் சோற்றில் வளர்ந்த அறிவும் பிறர் தயவில் நிற்கிற அறிவேயாகும். ஆகவே ஒவ்வொரு நாடும் தன் சொந்தப் பணத்தில் கல்லூரியும் ஆராய்ச்சிச் சாலையும் வைத்து, கற்றவர்கள் சொந்த நாட்டிலேயே மானத்தோடு பிழைக்க வழி செய்யவேண்டும்.

நமது நாட்டின் விஷயம் இன்னொரு விதம். இங்கே மென்பொருள் வேலைக்குப் பஞ்சமில்லை. பிறத்தியான் நினைத்ததை நமது பிள்ளைகள் எழுதிக் கொடுக்கிறார்கள். நினைக்கும் வேலை நமக்கு எப்போது? அந்த ஆராய்ச்சிச் சாலைக்குள்ளும் யார் யார் போகிறார்கள்? "இதற்கெல்லாம் தனி மூளை வேண்டும்" என்று இன்னும் தகுதி, திறமைப் பாட்டு பாடுகிறார்களே, தென்னாப்பிரிக்க நர்சும் மொசாம்பிக் மாணவனும் எந்தக் கோத்திரத்தில் பிறந்து இதைச் செய்தார்கள்?

தோழர்களே! அடுத்த ஆயுத பூஜைக்குப் பொரிகடலை வாங்கும் காசில் உங்கள் மகளுக்கு, ஆம், மகனோடு மகளுக்கும், அந்தப் பெட்டிக்குக் கட்டளை எழுதும் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அதைத் தாய்மொழியில் சொல்லிக் கொடுக்கும்படி சர்க்காரைக் கேளுங்கள். கும்பிடுகிறவனுக்குப் பெட்டி எஜமான். எழுதத் தெரிந்தவனுக்கு அது வேலையாள். எது வேண்டும் என்பதை நீங்களே யோசித்து முடிவு செய்யுங்கள்.