எலும்பில் நோய், சிறுநீரகத்தில் ஆபத்து! முன்கூட்டியே சொல்கிறது படம்

ரத்தப் புற்றுநோயில் பல வகை உண்டு. அதில் ஒன்று எலும்புக்குள் ஒளிந்திருந்து வேலை செய்கிறது. அதன் பெயர் "மல்டிபிள் மயலோமா".

இந்த நோய் வந்தவர் தேறுவாரா, எத்தனை காலம் நன்றாக இருப்பார் என்பதை, உடம்பைப் படம் பிடித்து ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடிகிறது. ஆனால் நோயாளியின் சிறுநீரகம் கெட்டிருந்தால், எந்தப் படம் எடுப்பது என்பதிலேயே சிக்கல் வந்து விடுகிறது!

லண்டன் வியாபாரி

1844-ம் ஆண்டு. மக்பீன் என்ற லண்டன் வியாபாரி விடுமுறைக்கு வெளியூர் போயிருந்தார். ஒரு குகையில் இருந்து தாவி வெளியே வந்தார். மார்புக்குள் ஏதோ முறிந்தது போல் இருந்தது. தாங்க முடியாத வலி!

மறு ஆண்டு அவருடைய சிறுநீரை டாக்டர்கள் சோதித்தார்கள். சூடாக்கினால் கரைந்து, ஆறினால் உறையும் விசித்திரமான பொருள் அதில் இருந்தது. பென்ஸ் ஜோன்ஸ் என்ற டாக்டரிடம் அதை அனுப்பினார்கள். அது ஒரு வகைப் புரதம் என்று அவர் கண்டார். 1846 ஜனவரி 1-ந் தேதி மக்பீன் இறந்து போனார். அந்தப் புரதத்துக்கு இன்றைக்கும் பென்ஸ் ஜோன்ஸ் பெயர்தான்.

சிறுநீரகம் ஏன் கெடுகிறது?

எலும்பின் நடுவே இருக்கும் மஜ்ஜையில் "பிளாஸ்மா" அணுக்கள் உண்டு. கிருமிகளை எதிர்க்கும் புரதத்தைச் செய்து கொடுப்பது அவற்றின் வேலை. நோய் வந்தால் அவை கணக்கில்லாமல் பெருகுகின்றன. எலும்பு அரிக்கப்படுகிறது. உதவாத புரதம் ரத்தத்தில் கொட்டுகிறது. வாய்க்காலில் சேறு அடைப்பது போல, அது சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்களை அடைத்துக் கொள்கிறது. எலும்பில் இருந்து கரையும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து வாட்டுகிறது.

நோய் தெரிய வரும்போதே ஐந்து பேரில் ஒருவருக்காவது சிறுநீரகம் பழுதாகி இருக்கிறது.

முதுகு வலிக்கிறது என்று மாதக் கணக்கில் வலி மாத்திரை விழுங்குகிறவர்கள் எத்தனை பேர்! மயலோமா இருப்பவருக்கு, அந்த மாத்திரைகளில் பல சிறுநீரகத்தை மேலும் கெடுத்து விடும்.

சாயம் இல்லாத படம்

எலும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கரைந்த பிறகுதான் எக்ஸ்ரே படத்தில் ஓட்டை தெரியும். அதற்குள் காலம் கடந்து விடும். ஸ்கேன் படம் தெளிவாக விழுவதற்கு, அயோடின் சேர்ந்த சாய மருந்தை ஊசி மூலம் ஏற்றுவது உண்டு. பழுதான சிறுநீரகத்துக்கு அது ஆபத்தாகலாம்.

சாயம் இல்லாமலே படம் எடுக்க வழி உண்டு. ஒன்று "எம்.ஆர்.ஐ". இது காந்த சக்தியால் எடுப்பது. புற்றுநோய் அணுக்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் இடத்தில் நீர் தாராளமாக அசையாது. அந்த இடத்தைப் படம் காட்டிக் கொடுத்து விடும்.

இன்னொன்று "பெட்" ஸ்கேன். கதிர் வீசும் சர்க்கரையைச் சிறிதளவு ஊசியில் செலுத்துகிறார்கள். புற்றுநோய் அணுக்களுக்குச் சர்க்கரைப் பசி அதிகம். அவை அதை வாங்கிக் கொண்டு புள்ளி புள்ளியாக ஒளிர்கின்றன.

இத்தாலியில் 192 நோயாளிகளைக் கவனித்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். சிகிச்சைக்கு முன்பே மூன்று அல்லது அதற்கு மேல் புள்ளி இருந்தவர்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது. எலும்புக்கு வெளியே நோய் பரவியவர்களுக்கும் அப்படியே. சிகிச்சைக்குப் பிறகு புள்ளிகள் மறைந்தவர்கள் அதிக காலம் நன்றாக இருந்தார்கள்.

படம் மட்டும் போதுமா?

போதாது. சிலருக்கு நோய் இருந்தும் பெட் படத்தில் புள்ளி விழுவதில்லை. எலும்பில் புள்ளி குறைவாக இருக்கும்போதே சிறுநீரகம் அடைபடுவதும் உண்டு. ஆகவே ரத்தத்தில் "கிரியேட்டினின்" அளவையும், அந்தப் புரதத்தின் அளவையும் படத்தோடு சேர்த்துத்தான் டாக்டர்கள் பார்க்கிறார்கள்.

இதில் நாள் கடத்தக் கூடாது. புரதத்தை விரைவாகக் குறைத்தால் சிறுநீரகம் பிழைத்துக் கொள்ள இடம் இருக்கிறது. 2003-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற "போர்டெசோமிப்" என்ற மருந்தை, சிறுநீரகம் கெட்டவருக்கும் கொடுக்கலாம். டயாலிசிஸ் செய்து கொண்டிருந்த சிலர், சிகிச்சைக்குப் பிறகு அதை நிறுத்தும் அளவுக்குத் தேறி இருக்கிறார்கள்.